பிரான்ஸ் கால்வாய்களில் படகுப் பருவம் தொடங்குகிறது: முதல் சில வாரங்களை எங்கே ஓட்டுவது?

திஜோன்_குமரன் | மார்ச் 3

எல்லோருக்கும் வணக்கம். போன செப்டம்பரில் நானும் மனைவியும் ஒரு பழைய ஹாலந்து இரும்புப் படகு வாங்கினோம். பத்தரை மீட்டர் நீளம், தண்ணீருக்குள் 90 செ.மீ. மூழ்கும், பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். குளிர்காலம் முழுக்க சான் ழான் த லோன் துறையில் நிற்கிறது. உள்நாட்டு நீர்வழிகளுக்கான பெர்மியை (படகு ஓட்டும் உரிமம்) ஜனவரியில் எடுத்துவிட்டேன். நீர்வழிகளை நிர்வகிக்கும் அரசு நிறுவனமான வி.என்.எஃப்.-இன் வின்யெத்தும் (பயணக் கட்டண வில்லை) இணையத்தில் வாங்கியாகிவிட்டது.

ஏப்ரல் நடுவில் எங்களுக்கு இரண்டு வாரம் விடுமுறை. எட்டு வயது மகளும் வருவாள். அதன் பிறகு வார இறுதிகள் மட்டும்தான். ஆகஸ்ட்டில் மறுபடி மூன்று வாரம். ஏப்ரலிலேயே பூர்கோஞ் கால்வாயில் ஏறி, முடிந்த தூரம் போய், கோடையில் பாரிஸ் சேர வேண்டும் என்பது என் ஆசை. முதலில் பக்கத்திலேயே ஓட்டிப் பழகுவோம் என்கிறார் மனைவி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கிளம்புவதற்கு முன்னால் படகில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மீரா_சோன்கரை | மார்ச் 3

குமரன், படகுக்கு வாழ்த்துகள். நான் உங்கள் மனைவி பக்கம்.

பருவம் மார்ச் கடைசியில் தொடங்கும் என்பது காகிதத்தில் உள்ள தேதி. குளிர்காலத்தில் வி.என்.எஃப். பல கால்வாய்களை மூடிவிட்டு, சில பகுதிகளில் தண்ணீரையே வடித்துவிட்டு, எக்லூஸ் (படகை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டி) கதவுகளையும் சுவர்களையும் பழுது பார்க்கும். ஷோமாழ் என்பது இதைத்தான். வேலை முடிந்து தண்ணீர் நிரப்பிய பிறகுதான் திறப்பார்கள். வேலை இழுத்தால் திறப்பும் தள்ளிப்போகும். எந்தப் பகுதி என்றைக்குத் திறக்கிறது என்பது வி.என்.எஃப். தளத்தில் வரும் 'அவி ஆ லா பத்தெல்ரி' அறிவிப்புகளில் இருக்கும். துறையில் யாரோ சொன்னதை வைத்துக் கிளம்பாதீர்கள்.

அடுத்தது சோன் ஆறு. உங்கள் படகு நிற்பதே ஆற்றின் மேல்தான், எங்கே போவதானாலும் அதைத் தொட்டாக வேண்டும். வோஜ் மலைப் பக்கம் பனி உருகும் காலத்தில் மழையும் சேர்ந்துகொண்டால் சோன் கரை தாண்டிப் புல்வெளிகளில் பரவும். சோம்பலான ஆறு, ஏறுவதும் மெதுவாக, இறங்குவதும் மெதுவாக. நீர் ஏறி நிற்கும்போது படகுத் துறைகளே மூழ்கிக் கிடக்கும், முழு மரங்கள் மிதந்து வரும். அனுமதிக்கப்பட்ட உச்ச நீர்மட்டத்தைத் தாண்டினால் போக்குவரத்துக்கே தடை. அரசின் விஜிகுரு தளத்தில் தினமும் வரைபடம் பாருங்கள். இன்றைய அளவைவிட, கோடு மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

ஆற்று நிலைமை சரியாக இருந்தால் முதல் வாரம் தோல் ஊருக்குப் போங்கள். சான் ழானிலிருந்து ஆற்றின் மேல்போக்கில் ஒரு சிறு தூரம், சான் சம்ஃபோரியான் என்ற இடத்தில் ரோன்-ரைன் கால்வாய்க்குள் திரும்ப வேண்டும். அங்கிருந்து தோல் ஒரு நாள் ஓட்டம். எக்லூஸ்கள் தானியங்கி, கையில் ரிமோட் தந்துவிடுவார்கள். பெரிய தேவாலயக் கோபுரத்தின் அடியில் துறை. லூயி பாஸ்டர் 1822-இல் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, கால்வாயை ஒட்டியே. மகளைக் கூட்டிப்போங்கள். ஏதாவது பழுதானால் தோலிலிருந்து நீங்கள் வீடு திரும்ப ரயிலில் அரை மணி நேரம். முதல் வாரத்துக்கு இந்த வசதிதான் பெரிது.

பழைய_மீகாமன் | மார்ச் 4

மீரா சொன்னதில் ஆற்றைப் பற்றிய எச்சரிக்கை முழுக்க சரி. ஆனால் பூர்கோஞ் கால்வாயைத் தள்ளிப்போடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அதற்கு ஏப்ரல், மே, ஜூன்தான் காலம்.

அந்தக் கால்வாயின் உடலமைப்பைப் பாருங்கள். சான் ழான் த லோனிலிருந்து யோன் ஆற்றங்கரையில் உள்ள மிழென் வரை 242 கி.மீ., 189 எக்லூஸ். சோன் பக்கம் 76 ஏறி, யோன் பக்கம் 113 இறங்க வேண்டும். நடுவில் பூயியில் உச்சி, கடல் மட்டத்திலிருந்து 378 மீட்டர். பிரான்சில் படகு போகும் கால்வாய்களில் இதைவிட உயரமான உச்சி கிடையாது. ஒவ்வொரு முறை எக்லூஸ் திறக்கும்போதும் உச்சியிலிருந்து ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போகிறது. அதை ஈடுகட்டப் பெரிய ஆறு எதுவும் மேலே இல்லை. பாந்தியே, குரோபுவா, ஷாஸியி, செர்சே என்று மலைமேல் கட்டிய ஏரிகள்தான் தீனி போடுகின்றன. குளிர்கால மழையில் அவை நிறைந்தால் கால்வாய்க்கு உயிர். 2022 கோடையில் வறட்சியால் நாடு முழுக்கப் பல கால்வாய்ப் பகுதிகளை மூட வேண்டி வந்தது. ஆகஸ்ட்டில் உச்சியைக் கடக்கிறேன் என்று திட்டம் போடுபவர் வானத்தை நம்பித் திட்டம் போடுகிறார்.

இன்னொன்று களை. மிரியோஃபில் என்னும் நீர்ச்செடி, அமெரிக்காவிலிருந்து வந்தது, கடந்த சில ஆண்டுகளாக பூர்கோஞ்சிலும் வோஜ் கால்வாயிலும் பாய் விரித்தது போல வளர்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக வேகம் எடுக்கும். வெட்டும் படகுகளை வி.என்.எஃப். விடுகிறது, வெட்டிய இடத்தில் மறுபடி முளைக்கிறது. ஜூலைக்குப் பிறகு படகை உந்தும் விசிறியில் சுற்றிக்கொள்ளும், எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் வாயை அடைத்துக்கொள்ளும். ஏப்ரலில் அதே தண்ணீர் அடி தெரியச் சுத்தமாக இருக்கும்.

குமரன், ஆசையை விடாதீர்கள். ஏறுங்கள்.

டீசல்அண்ணை | மார்ச் 4

எங்கே போவது என்பதை நீங்கள் பேசி முடியுங்கள். நான் லியோனில் எஞ்சின் வேலை செய்கிறவன், படகின் அடிவயிற்றைப் பற்றிக் கதைக்கிறேன்.

தம்பி குமரன், விடுமுறை தொடங்கும் நாளில் படகை எழுப்பாதீர்கள். இரண்டு கிழமைக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை முழுக்க ஒதுக்குங்கள். உதிரிப்பாகம் தேவைப்பட்டால் எடுப்பிக்க நேரம் வேண்டும். கன பேர் இதில்தான் விடுமுறையின் பாதியைத் துறையிலேயே செலவழிக்கிறார்கள்.

முதலில் குடிநீர்க் குழாய். குளிர்காலத்துக்கு முன் வடித்திருப்பார்கள், என்றாலும் பம்பிலோ சுடுநீர்த் தொட்டியின் வால்விலோ ஒரு மிடறு நீர் தங்கியிருந்தால் போதும், உறைந்து வெடித்திருக்கும். தொட்டியில் கொஞ்சம் நீர் விட்டு, எல்லாக் குழாய்களையும் மூடி, பம்பைப் போடுங்கள். அழுத்தம் ஏறியதும் பம்ப் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினாலோ, யாரும் தண்ணீர் திறக்காதபோது இடையிடையே 'டுர்' என்று ஓடினாலோ எங்கேயோ ஒழுகுகிறது. கையில் டோர்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தெரியும்.

பிறகு டீசல். பிரான்சில் விற்கும் டீசலில் தாவர எண்ணெய்க் கலப்பு இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். குளிர்காலத்தில் தொட்டி அரைகுறையாக நின்றிருந்தால் உள்ளே வியர்த்து அடியில் நீர் கட்டும். அந்த நீருக்கும் டீசலுக்கும் நடுவில் ஒரு கறுப்புச் சளி வளரும். வடிகட்டியின் கீழே கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதன் திருகைத் திறந்து ஒரு நிறமில்லாத போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தேயிலைச் சாயம் போல் தெளிவாக வந்தால் நல்லது. அடியில் நீர்க் கோடு தெரிந்தால் சுத்தமாகும் வரை வடியுங்கள். கறுப்புத் துணுக்கு வந்தால் தொட்டியைக் கழுவாமல் கிளம்ப வேண்டாம்: துறையில் எஞ்சின் நன்றாகத்தான் ஓடும், ஆற்றில் அலை அடித்ததும் அந்தச் சளி கலங்கி ஃபில்டரை அடைக்கும். நீர் ஏறி ஓடும் சோனின் நடுவில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு ஃபில்டர் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிக் காற்றை வெளியேற்றவும் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஆற்று நீரை நேரடியாக இழுத்துக் குளிர்வது என்றால் பம்பின் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். குளிர்காலம் முழுக்க ஒரே பக்கம் மடிந்து கிடந்த ரப்பர் இதழ்களின் அடியில் வெடிப்பு இருக்கும். விரலால் வளைத்தால் தெரியும். சந்தேகம் என்றால் புதிது போடுங்கள், விலை பெரிதில்லை. உறைவு தடுக்கும் நீலத் திரவத்தை வாளியில் பிடியுங்கள், ஆற்றில் விடக் கூடாது. எஞ்சினைப் போட்டதும் முதல் வேலை, வெளியே ஓடிப்போய்ப் புகைக்குழாயில் நீர் வருகிறதா என்று பார்ப்பது.

கேஸ் ரப்பர்க் குழாயில் காலாவதி ஆண்டு அச்சடித்திருக்கும். முடிந்திருந்தால் மாற்றுங்கள். இரவில் ஏப்ரல் சரியான குளிர், ஹீட்டர் போட்டுக் கதவை அடைத்துப் படுப்பீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் பிள்ளையோடு படுக்க வேண்டாம்.

இரும்புப் படகு என்பதால் இதையும் கேட்கிறேன்: கடைசியாக எப்போது வெளியே எடுத்துத் தகட்டின் தடிப்பை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள்? தகட்டுக்குப் பதிலாகத் தான் அரிபடும் மக்னீசிய ஆனோட் நன்னீருக்குப் போட்டிருக்கிறதா?

திஜோன்_குமரன் | மார்ச் 5

மிக்க நன்றி. டீசல் அண்ணை, வாங்கும்போது தகடு பார்த்தோம், அறிக்கை நன்றாக வந்தது. ஆனோட் மக்னீசியம்தான். கேஸ் குழாயில் இருக்கும் ஆண்டைப் பார்த்தேன், மாற்றியே ஆக வேண்டும். மார்ச் 21 சனிக்கிழமை முழுக்க நீங்கள் சொன்ன வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டேன்.

பெர்மி வகுப்பில் படகு ஓட்டியது சிறிது நேரம்தான். எக்லூஸ் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நான் சுக்கானில், மனைவி கயிற்றில், மகள் எங்கே இருக்க வேண்டும்?

மீரா_சோன்கரை | மார்ச் 5

மகள் கயிற்றைத் தொடாத இடத்தில், உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு, உங்கள் கண்ணில் படுகிற மாதிரி உட்காரட்டும். அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: சிவப்பா பச்சையா என்று விளக்கைப் பார்த்துச் சொல்வது. சிவப்பென்றால் நில். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் உள்ளே தயார் செய்கிறார்கள். பச்சை மட்டும் எரிந்தால் நுழையலாம். இரட்டைச் சிவப்பென்றால் எக்லூஸ் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் இதில் நம்மைவிட உஷார்.

ஏறும்போது நடப்பதைச் சொல்கிறேன். நீங்கள் உள்ளே நுழையும்போது படகு பள்ளத்தில் இருக்கும். பச்சைப் பாசி பிடித்த சுவர் தலைக்கு மேல் நிற்கும், கயிறு மாட்ட வேண்டிய இரும்பு முளை மேலே இருப்பதால் கண்ணிலேயே படாது. சுவரில் பதித்த ஏணியை ஒட்டி மெதுவாக நிறுத்துங்கள். மனைவி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறலாம், அல்லது எக்லூஸ் காவலர் இருந்தால் கொக்கிக் கம்பில் கயிற்றின் கண்ணியைத் தூக்கிக் கொடுக்கலாம். கயிறு முளையைச் சுற்றித் திரும்பப் படகுக்கே வர வேண்டும். மறுமுனை எப்போதும் மனிதக் கையில். முடிச்சுப் போடுவது என்பதே கிடையாது.

முன் கதவின் அடித் துவாரங்களைத் திறந்ததும் தண்ணீர் பொங்கி வந்து படகின் மூக்கைத் தள்ளும். அதனால் முன் கதவை ஒட்டி நிற்காதீர்கள். படகின் நடுவிலிருந்து போகும் கயிற்றைக் கொஞ்சம் பின்னால் உள்ள முளையில் மாட்டி, எஞ்சினை மிக மெதுவாக முன்னோக்கிய கியரில் விட்டால், படகு தானாகச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு வித்தை தெரிந்தால் இரண்டு பேர் போதும். படகு ஏற ஏறக் கயிறு தளரும், மனைவி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இறங்குவது பார்க்கச் சுலபம், ஆனால் கவனம் அங்கேதான் அதிகம் தேவை. கயிறு எங்காவது சிக்கினால் தண்ணீர் கீழே போகப் படகு கயிற்றில் தொங்கும். ஒரு கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பின்பக்கக் கதவின் அடியில் ஒரு கல் படி நீட்டிக்கொண்டிருக்கும், நீர் நிறைந்திருக்கும்போது தெரியாது. சுக்கான் அதன்மேல் உட்கார்ந்துவிடாமல் முன்னால் தள்ளி நில்லுங்கள்.

தானியங்கி எக்லூஸில் இரண்டு தண்டுகள் தொங்கும். கயிறு பிடித்துத் தயாரானதும் நீலத் தண்டைத் தூக்கினால் வேலை தொடங்கும். சிவப்பு அவசரத்துக்கு, எல்லாம் அப்படியே நிற்கும். சிவப்பைத் தூக்கத் தயங்காதீர்கள். ஊழியர் வந்து மறுபடி இயக்கும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துலூஸ்_செந்தில் | மார்ச் 6

தெற்கிலிருந்து ஒரு குரல். நான் துலூஸில் வேலை பார்க்கிறேன், சொந்தப் படகு இல்லை, நண்பர்களோடு வாடகைக்கு எடுத்து மிதி கால்வாயில் போகிறவன். ஏப்ரலுக்கு மிதி கால்வாயையும் யோசித்துப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது, குமரன் இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் மற்றவர்கள்.

பியேர்-போல் ரிக்கே 1666-இல் தொடங்கிய கால்வாய் இது. 1681-இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை, அதற்குச் சில மாதம் முன்னால்தான் இறந்தார். துலூஸிலிருந்து தோ ஏரி வரை 240 கி.மீ. மலையோடைகளை சான் ஃபெரியோல் ஏரியில் சேர்த்து, நோரூஸ் உச்சிக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் பிரித்து விட்டிருக்கிறார். எக்லூஸ்கள் முட்டை வடிவம், மண் சுவரை உள்ளே தள்ளாமல் இருக்க அப்படி வளைத்துக் கட்டியது. வளைந்த சுவரில் நேரான படகை நிறுத்துவது தனிப் பழக்கம். பெசியேயில் ஃபோன்செரான் படிக்கட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் தொட்டிகளில் இறங்கும்போது கீழே ஓர்ப் ஆறும், எதிர்க் குன்றில் கதீட்ரலும் தெரியும். நான் பார்த்ததில் அதற்கு ஈடான காட்சி இல்லை.

ஏப்ரலில் கூட்டம் இல்லை, வாடகையும் ஆகஸ்ட்டைவிடக் குறைவு. ஆனால் காற்று உண்டு. உயரமான வாடகைப் படகைப் பக்கக் காற்று அப்படியே கரையோரம் தள்ளிவிடும். காற்று பலமாக உள்ள நாளில் தோ ஏரிக்குள் இறங்கவே கூடாது.

வருத்தமான விஷயம் மரங்கள். கரையெங்கும் நின்ற சுமார் 42,000 பிளேன் மரங்களில் 2006-இல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்குப் பரவும், மருந்து கிடையாது. வெட்டி எரிப்பதுதான் வழி. படகைக் கரை மரத்தில் கட்டுவதாலும், பட்டை உரசுவதாலும் பரவுகிறது. தயவுசெய்து எங்கேயும் மரத்தில் கயிறு கட்டாதீர்கள். இரண்டு இரும்பு முளையும் ஒரு சம்மட்டியும் படகில் இருக்கும், அவற்றை எடுத்து அடியுங்கள். புதிதாக நட்ட ஓக் கன்றுகள் நிழல் தர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். நிழல் இல்லாத அந்தப் பகுதிகளில் ஜூலையில் வெயில் தாங்க முடியாது. மிதிக்கும் வசந்த காலமே நல்லது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈஸ்ட்ஹாம்_வாசன் | மார்ச் 7

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லண்டனிலிருந்து எழுதுகிறேன். அம்மா அப்பாவோடு மே மாதம் ஒரு வாரம் வாடகைப் படகு எடுக்க ஆசை. லைசென்ஸ் ஏதும் இல்லை. முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி.

துலூஸ்_செந்தில் | மார்ச் 7

முடியும். வாடகைப் படகுக்கு பெர்மி தேவையில்லை. நிறுவனம் கொஞ்ச நேரம் ஓட்டக் கற்றுக்கொடுத்து, அந்த வாடகைக் காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு அட்டை தரும். அந்தப் பயிற்சியை அவசரமாக முடிக்க விடாதீர்கள். ஒரு எக்லூஸாவது கூடவே வரச் சொல்லிக் கேளுங்கள்.

அப்பாவுக்காக: படிகள் குறைந்த, உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் தளம் உள்ள படகைத் தேர்ந்தெடுங்கள். குனிந்து இறங்கும் அறை உள்ள மாடல் வேண்டாம்.

மீரா_சோன்கரை | மார்ச் 7

வாசன், பெற்றோரோடு என்றால் எக்லூஸ் குறைவான வழியைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் சேய் ஆறு இருக்கிறது. தூர்னூவுக்குக் கொஞ்சம் கீழே சோனில் கலப்பது. லா த்ரூஷேரிலிருந்து லுவான் வரை 40 கி.மீ. கூட இல்லை, நான்கே எக்லூஸ், பெரும்பாலும் நாமே கையால் சுற்றித் திறப்பது. இரு கரையிலும் மாடு மேயும் புல்வெளி, அல்லிப் படுகை, மீன்கொத்தி. லுவானில் திங்கட்கிழமை சந்தை. பிரெஸ் கோழியைக் கூண்டோடு விற்பார்கள், தெரு முழுக்கத் தூண் வரிசைக்கு அடியில் கடைகள். ஞாயிறு மாலையே போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் காய்கறி வாங்க அதைவிட நல்ல இடம் நான் கண்டதில்லை.

பழைய_மீகாமன் | மார்ச் 8

குமரனின் கேள்விக்குத் திரும்புவோம். மீராவும் நானும் தனிச்செய்தியில் பேசினோம். இருவர் கவலையையும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. குமரன் திஜோன்வாசி என்பதை நான் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று மீரா சுட்டிக்காட்டினார், நியாயம்தான்.

முதல் வாரம் மீரா சொன்ன தோல். தானியங்கி எக்லூஸில் கை பழகும், எஞ்சின் தன் குணத்தைக் காட்டும். இரண்டாம் வாரம் சான் ழானுக்குத் திரும்பி, பூர்கோஞ் கால்வாயில் ஏறித் திஜோன் வரை. சுமார் 30 கி.மீ., 20-க்கு மேல் எக்லூஸ். கோடு போட்ட மாதிரி நேரான பகுதி, அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் முடியும் இடம் உங்கள் வீடு. திஜோன் துறையில் படகு நின்றால் வெள்ளி மாலை அலுவலகத்திலிருந்து நேராகப் படகுக்குப் போகலாம்.

மே, ஜூன் வார இறுதிகளில் ஊஷ் பள்ளத்தாக்கு வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். ஒரு வாரம் ஃப்ளூரே, அடுத்தது போன் தூஷ், அப்புறம் வாந்தெனெஸ். அங்கே கால்வாயிலிருந்து பார்த்தால் குன்றின் உச்சியில் ஷாத்தோநெஃப் கோட்டை நிற்கும். அந்தப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் ரயில் இல்லை, அதனால் படகை விட்டுவிட்டுத் திரும்ப ஒரு கார் முன்கூட்டியே மேலே நிற்க வேண்டும், அல்லது சைக்கிள். கரைப் பாதை சைக்கிளுக்கு மிக நன்றாக இருக்கிறது. எக்லூஸ்களைப் பெரும்பாலும் காவலர்கள் வண்டியில் கூடவே வந்து கையால் திறப்பார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எங்கே நிற்பீர்கள் என்று முந்தின நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு நில்லுங்கள். மதிய உணவு நேரத்தில் எக்லூஸ் மூடியிருக்கும், அப்போது நீங்களும் சாப்பிடுங்கள்.

ஜூன் முடிவதற்குள் பூயி சுரங்கத்தைக் கடந்துவிடுங்கள். 3,333 மீட்டர், ஒரு படகு அகலம், உள்ளே முழு இருட்டு. முன்னால் தெரிவித்து அனுமதி வாங்கி, விளக்கு எரிய, எல்லோரும் அங்கி போட்டுப் போக வேண்டும். அதைக் கடந்துவிட்டால் உச்சியில் தண்ணீர் குறைந்தாலும் நீங்கள் இறங்கும் பக்கம் இருப்பீர்கள். இறங்கும் வழியில் மொன்பார், தொனேர், மிழென் எல்லாம் திஜோனோடு ஒரே ரயில் பாதையில். ஆகஸ்ட் மூன்று வாரம் மிச்சமுள்ள இறக்கத்துக்கும் யோன், செய்ன் வழியாகப் பாரிஸுக்கும் போதும். பாஸ்டிய் பக்கத்து ஆர்செனால் துறையில் இடத்தை இப்போதே கேட்டு வையுங்கள், ஆகஸ்ட்டில் நெரிசல்.

களை மட்டும் உங்கள் கையில் இல்லை. ஆகஸ்ட்டில் தினமும் காலையில் நீர் இழுக்கும் ஃபில்டரின் மூடியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள், வெப்பமானியிலிருந்து கண் எடுக்காதீர்கள்.

டீசல்அண்ணை | மார்ச் 8

நல்ல திட்டம். ஒரு சேர்க்கை. கால்வாயில் டீசல் பம்ப் அரிது. சான் ழானிலேயே தொட்டியை நிரப்புங்கள், பிறகு கான்களில் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து சுமக்க வேண்டியிருக்கும். விவசாயிகள் போடும் சிவப்பு டீசல் யாராவது தந்தாலும் ஊற்றாதீர்கள், உல்லாசப் படகுக்கு அது சட்டப்படி கூடாது. கேஸ் போத்தல் வெளியே இருப்பதென்றால் ஏப்ரலில் ப்ரொப்பேன் வாங்குங்கள். பியூட்டேன் பூச்சியம் பாகையை நெருங்கினால் ஆவியாகாது, விடியற்காலைத் தேநீர் கிடைக்காது.

திஜோன்_குமரன் | மார்ச் 9

மனைவியிடம் படித்துக் காட்டினேன். முடிவு செய்துவிட்டோம்: தோல், திஜோன், ஜூனுக்குள் சுரங்கம், ஆகஸ்ட்டில் பாரிஸ். இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு உங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஒரு கேள்வி மிச்சம். மே 1 வெள்ளிக்கிழமை வருகிறது, மூன்று நாள் சேர்ந்த விடுமுறை. ஊஷ் பள்ளத்தாக்கின் முதல் ஏற்றத்தை அன்றே தொடங்கலாமா?

மீரா_சோன்கரை | மார்ச் 9

மே 1 எக்லூஸ் இயங்காது, காவலர்களுக்கும் விடுமுறை. வியாழன் மாலை அலுவலகம் முடிந்து வந்து, திஜோனிலேயே படகில் படுங்கள். வெள்ளிக்கிழமையைத் தளத்தைக் கழுவவும் கயிறுகளைச் சரிபார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்; தெருமுனையில் மியுகே பூ விற்பார்கள், மகளுக்கு ஒரு கொத்து வாங்குங்கள். சனி காலை 9 மணிக்கு முதல் எக்லூஸ் என்று வியாழக்கிழமையே காவலர்களிடம் சொல்லிவிடுங்கள், வெள்ளியன்று போன் எடுக்க ஆள் இருக்க மாட்டார்கள்.